தடுப்புப் பெட்டியில் இரண்டு மெயில்

பிப்ரவரி 10, திங்கள்

காலை 146/92. ரத்த அழுத்தத்தைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூடி வைக்க எனக்குத் தெரியவில்லை. போகட்டும், புத்தாண்டுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த டைரி, சும்மாதான் கிடந்தது.

மதியம் மூன்று மணிக்கு அளந்திருந்தால் கருவியே பயந்திருக்கும். அப்போதுதான் அலுவலகக் கண்காணிப்பாளர் ரங்கநாயகி அக்கா ஒரு மெயில் அனுப்பினார். பெண்கள் புகார் குழுவின் ஐந்து உறுப்பினர்களுக்குப் போக வேண்டியது. போனது ஒன்பதாயிரத்து நானூறு பேருக்கு. மாணவர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பேருந்து ஓட்டுநர் என்று பல்கலைக்கழக முகவரி வைத்திருக்கும் ஒருவர் பாக்கியில்லை. இணைப்பில், ஓர் ஆய்வு மாணவி தன் வழிகாட்டிப் பேராசிரியர் மீது கொடுத்த புகார். கையால் எழுதி ஸ்கேன் செய்த நான்கு பக்கம். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒன்பதாயிரம் பேர் படித்தது போதும்.

அதற்குப் பிறகு நம் படித்த மக்கள் அடித்த கூத்துதான் பெரிது. "இது எனக்கு ஏன் வந்தது?" என்று ஒருவர் எல்லோரையும் கேட்டார். "எனக்கும் வந்தது" என்று நாற்பது பேர் எல்லோருக்கும் சொன்னார்கள். "தயவுசெய்து யாரும் எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று ஒரு துறைத்தலைவர் எல்லோருக்கும் பதில் அனுப்பினார். இயற்பியல் பேராசிரியர் ஒருவர், "விடுப்பில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலை வைத்துவிட்டுக் காசிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு மெயில் வந்தபோதும் அது அவர் விடுப்பில் இருப்பதை ஒன்பதாயிரம் பேருக்கு அறிவித்தது. பிரசவ விடுப்பில் இருக்கும் இன்னொரு அம்மாவின் தானியங்கி அதற்குப் பதில் சொன்னது. இரண்டும் விடாமல் பேசிக்கொண்டன. நாலரை மணிக்கு வரிசையில் பதினெட்டு லட்சம் மெயில்.

சர்வரை நிறுத்தினேன். வரிசையைக் கழுவி ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடவிட்டபோது, வெளியில் இருக்கும் பெரிய மெயில் நிறுவனங்கள் எங்களைக் குப்பை அனுப்புகிறவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தன. இனி எங்கள் மெயில் எங்கும் போகாது. பதினாறு வருஷமாக இந்த சர்வரைக் கட்டி மேய்க்கிறேன். மனிதர்கள் அனுப்பும் முன் ஒரே ஒரு நொடி முகவரியைப் பார்த்தால் என் மாத்திரையில் பாதி குறையும்.

எல்லோருக்கும் ஒரே முகவரியில் போகும் அந்தப் பொது லிஸ்ட்டுக்கு மூன்று பேர்தான் அனுப்ப முடியும்: துணைவேந்தர் அலுவலகம், பதிவாளர், நான். அக்காவின் மெயில் எப்படி உள்ளே போனது என்று பார்த்தேன். சரிசெய்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

152/96.

ரங்கநாயகி அக்கா காலை ஒன்பது மணிக்கே சர்வர் அறை வாசலில் நின்றார். கண் வீங்கியிருந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம்.

"ஏந் தம்பி, நான் எப்பவும் இப்படித்தானுங்களே அனுப்பறது. கமிட்டிக்காரங்க பேரு இருக்கற பழைய மெயில் ஒண்ணத் தொறந்து, ரிப்ளை ஆல் போட்டு, எழுத்தெல்லாம் அழிச்சுப்போட்டுப் புதுசா எழுதுவேன். அஞ்சு பேரையும் ஒவ்வொண்ணா அடிச்சா எங்காச்சும் தப்பாயிருமோன்னு பயமுங்க."

தப்பு வரக்கூடாது என்றுதான் இப்படி. இவர் மட்டுமில்லை, எங்கள் அலுவலகம் முழுக்க இதுதான் வழக்கம். முகவரிப் புத்தகம் என்று ஒன்று இருப்பதை வருஷம் ஒருமுறை வகுப்பெடுத்துச் சொல்கிறேன். டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தமுறை அவர் திறந்த பழைய மெயில், ஜனவரி 31 அன்று தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஓய்வு விழாவுக்குக் குழுத் தலைவி அனுப்பிய வாழ்த்து. ஐந்து உறுப்பினர் பெயரும் இருந்தன. கூடவே பொது லிஸ்ட்டும்.

"அந்த லிஸ்ட்டுக்கு நான் அனுப்பினாப் போவாதுன்னு நீங்கதானே சொல்லிருக்கீங்க தம்பி? ஒருதடவ அனுப்பிப் பாத்தப்ப திருப்பி அடிச்சுதே. அந்த நெனப்புல பேரு இருந்தாலும் விட்டுட்டேனுங்க."

ஆமாக்கா, விசாரிக்கிறேன் என்றேன். மாலையில் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த உத்தரவு வந்தது. எப்படி நடந்தது என்று அறிக்கை கொடுக்க எனக்கும் ஓர் உத்தரவு.

பிப்ரவரி 12, புதன்

அறிக்கை கொடுத்தேன். ஒரு பக்கம். "பயனாளர் பழைய மெயிலின் முகவரிகளை நீக்காமல் பதில் அனுப்பியதால் நிகழ்ந்தது." கேட்டதற்குப் பதில் எழுதினேன். கேட்காததை எழுதவில்லை.

குப்பைப் பட்டியலிலிருந்து எங்களை எடுக்கச் சொல்லி ஆறு நிறுவனங்களுக்கு விண்ணப்பம். இரண்டு எடுத்துவிட்டன. சிலிண்டர் இன்றும் வரவில்லை. மனைவி கோகிலா இன்டக்‌ஷன் அடுப்பில் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பதிவாளர் அருணகிரி கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"அந்தப் பொண்ணு புகார் குடுத்தது பத்தாம் தேதி. சம்பவம் நடந்ததா சொல்றது நவம்பர் ஆறு. சட்டப்படி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். நாலு நாள் லேட்."

குழு நினைத்தால் காரணம் கேட்டுக் கெடுவை நீட்டிக்கலாம். நினைக்கமாட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பேராசிரியர் கொண்டுவந்த ஆராய்ச்சித் திட்டங்கள் எத்தனை என்று எனக்கும் தெரியும்.

"நவம்பர்லயே கமிட்டிக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதிலே வரலைங்கறா. மொபைல்ல இருந்து ஏதோ பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்கா. அது யார் வேணா தயார் பண்ணலாம். கமிட்டி பெட்டியில அப்படி மெயில் இல்லைன்னு நீங்க ஒரு சான்று குடுத்தாப் போதும்."

சர்வர் அறைக்கு வந்து குழுவின் பெட்டியைத் திறந்தேன். நவம்பரில் அவளிடமிருந்து எதுவும் இல்லை. டிசம்பரிலும் இல்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

அந்த நிம்மதி அரை மணி நேரம் நின்றது. பெட்டியில் அவளிடமிருந்து மட்டுமல்ல, வெளி முகவரி எதிலிருந்தும் ஒரு மெயில்கூட இல்லை. ஒரு விளம்பரம், ஒரு லாட்டரி மோசடி, எதுவும் இல்லை. அப்படி ஒரு மெயில் பெட்டி உலகத்தில் கிடையாது.

உள்ளே விடாமல் சர்வர் நிறுத்திய மெயில்கள் கிடக்கும் தடுப்புப் பெட்டியைத் திறந்து அவளுடைய முகவரியைத் தேடினேன். இரண்டு இருந்தன. நவம்பர் 18, காலை 11.40. நவம்பர் 24, மாலை 4.10. இரண்டாவதன் தலைப்பு: "முந்தைய மெயில் கிடைத்ததா?"

பிப்ரவரி 14, வெள்ளி

158/98. டாக்டர் இதைப் பார்த்தால் திட்டுவார்.

எனக்கே ஒருமுறை தெளிவாக எழுதிக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து குப்பை மெயில் வெள்ளமாக வந்தது. துணைவேந்தர் கத்தினார். ஒரே நாளில் ஒரு விதி போட்டேன்: குழு, துறை, அலுவலகம் என்று பொதுப் பெயரில் இருக்கும் முகவரிகளுக்கு வெளியாட்கள் அனுப்பினால் தடுத்து வைக்க வேண்டும். பொதுமக்கள் எழுதக்கூடிய முகவரிகளுக்கு மட்டும் விலக்கு. சேர்க்கை, தேர்வு, விடுதி எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுத்தேன். புகார் குழு விடுபட்டுப்போனது. பல்கலைக்கழக முகவரியிலிருந்து அனுப்பினால் அலுவலகத்தில் யாராவது படித்துவிடுவார்கள் என்று அவள் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறாள். அனுப்பியவருக்கு மெயில் போனதாகவே காட்டும். பெறுகிறவருக்குத் தெரியாது. நான் பார்த்தால்தான் உண்டு. நான் பார்த்ததில்லை. இப்போது அதில் நாலாயிரத்துச் சொச்சம் கிடக்கின்றன.

தொண்ணூறு நாள் ஆனதும் ஒவ்வொன்றாகத் தானே அழிந்துவிடும். அதையும் நான்தான் அமைத்தேன். முதல் மெயிலுக்கு நாளை மறுநாள் கெடு. இரண்டாவதற்கு 22ஆம் தேதி.

அழிப்பை நிறுத்த ஒரு டிக் அடித்தால் போதும். அடித்தால் யார், எப்போது அடித்தார் என்று என் பெயர் பதிவாகும். ஏன் அடித்தாய் என்று ஒரு கேள்வி வரும்.

பிப்ரவரி 15, சனி

சான்று கேட்டு பதிவாளர் இருமுறை ஆள் அனுப்பினார். நேரில் போனேன்.

"சார், பெட்டில இல்லீங்க. ஆனா சர்வருக்குள்ள வர்ற வழில..."

"சென்னியப்பன், பெட்டியில இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லீங்க சார்."

"அவ்வளவுதானே நாம கேட்டது."

அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். "குழுவின் அஞ்சல் பெட்டியில் மேற்படி நபரிடமிருந்து நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மின்னஞ்சல் ஏதும் பெறப்படவில்லை." சொல்லுக்குச் சொல் உண்மை. கையெழுத்துப் போட்டேன். சர்வரில் இடம் அடைக்கும் பழைய குப்பைகளைச் சுத்தம் செய்யச் சொன்னார். அது தானாகவே நடக்கும் சார் என்றேன். சிரித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். காலையிலிருந்து மதியம்வரை அதுதான் வேலை. கோழிக் குழம்பு.

பிப்ரவரி 17, திங்கள்

164/100. தடுப்புப் பெட்டியில் அவள் பெயரில் ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

புகார் குழு 24ஆம் தேதி கூடுகிறது என்று சுற்றறிக்கை. ஐந்து பேருக்கு மட்டும் சரியாகப் போயிருக்கிறது. புதுக் கண்காணிப்பாளர் கவனமானவர்.

24ஆம் தேதி என்றால் இரண்டாவது மெயிலும் போய் இரண்டு நாள் ஆகியிருக்கும். நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. இதுவரை எந்தப் பொய்யும் சொல்லவில்லை, இனியும் சொல்ல வேண்டியிராது. மாலையில் இதையே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப நினைத்ததில், வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

குப்பைப் பட்டியலிலிருந்து ஆறாவது நிறுவனமும் எங்களை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயர் சுத்தமாகிவிட்டது என்று பதிவாளர் பாராட்டினார்.

பிப்ரவரி 19, புதன்

அவள் சர்வர் அறைக்கு வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வாசலிலேயே நின்றாள். உள்ளே வாம்மா என்றேன், வரவில்லை. வராண்டாவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பத்து நாளாக அவளுக்கு எங்கே போனாலும் இதுதான்.

"சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நான் அனுப்புனது உங்க சர்வருக்கு வந்துச்சா?"

"கமிட்டி பெட்டில இல்லம்மா."

"பெட்டியக் கேக்கல சார். சர்வருக்கு."

இத்தனை நாளில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள். பதிவாளர் கேட்கவில்லை, குழு கேட்கவில்லை.

"பாத்துச் சொல்றேம்மா."

"நான் பொய் சொல்றேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஊர்ல எங்கம்மாகூட, நீ நெசமா அனுப்புனியான்னு கேக்குது. இப்ப எனக்கே சந்தேகமாயிருச்சு சார். போன எடுத்து எடுத்துப் பாக்கறேன். அனுப்புனதாத்தான் காட்டுது. ஆனாலும் சந்தேகமா இருக்குது."

போய்விட்டாள். பாத்துச் சொல்றேன் என்று நான் சொன்னது பொய். பார்த்து ஆறு நாள் ஆகிறது. நேற்று என்ன எழுதினேன்? எந்தப் பொய்யும் சொல்லவில்லை என்று. நல்லது.

பிப்ரவரி 20, வியாழன்

170/104. பேட்டரி பழுதென்று மறுபடி அளந்தேன். 172.

விடுப்பு எடுத்துக்கொண்டேன். கோகிலா உளுந்து காயப்போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். விதியை, மெயிலை, சான்றை, எல்லாவற்றையும். அவளுக்கு சர்வரும் தெரியாது, லிஸ்ட்டும் தெரியாது. ஒரு கேள்விகூட இடையில் கேட்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்களா?"

"நெசந்தான்."

"அது நெசம்னு யார் யாருக்குத் தெரியும்?"

"அவளுக்கு. எனக்கு."

"அப்பறம் எதுக்குங்க எங்கிட்டச் சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க?"

"வேலை போனாலும் போகும் கோகிலா."

"போவட்டும்னு நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் இருக்குது, எனக்கும் பயந்தான். ஆனா நீங்க ஒரு வாரமாத் தூங்கல, திங்கல. தொட்டிக்குள்ள எறங்கி ஒரு மணி நேரம் சும்மா நின்னீங்க, மேல இருந்து பாத்தேன். இப்படியே இருந்தா வேலை இருந்தும் ஆளு இருக்கமாட்டீங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஏழெட்டுக் கல்லை நான் உளுந்தோடு சேர்த்தே போட்டிருந்திருக்கிறேன். அதற்கும் திட்டு விழுந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

அளக்கவில்லை. இன்று நிறைய எழுத வேண்டும்.

காலை எட்டே காலுக்கு டிக் அடித்தேன். என் பெயரும் நேரமும் பதிவாயின. இரண்டாவது மெயிலை முழுத் தலைப்புத் தகவல்களோடு நகலெடுத்தேன். எப்போது வந்தது, எந்த விதி தடுத்தது, யார் அந்த விதியை எழுதினார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று பிரதி.

குழுத் தலைவியிடம் கொடுத்தால் பதிவாளர் மேஜைக்குப் போய்விடும். எனவே திருப்பூருக்கு பஸ் ஏறினேன். குழுவில் வெளி உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர் ஜெயமேரி அங்கே இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்; கட்டுக்கட்டான கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மெயிலைப் படித்தார். "முந்தைய மெயில் கிடைத்ததா?" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "முந்தினது எங்கே?" என்றார்.

"பதினாறாம் தேதி அழிஞ்சு போச்சுங்க மேடம்."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"பதிமூணாம் தேதி."

பேனாவை எடுத்து இரண்டு தேதியையும் எழுதிக்கொண்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். பதினாறாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருந்தேன். தொட்டிக்குள் நின்றபடி அது அடிப்பதைக் கேட்டேன். லேப்டாப் படிக்கட்டுக்குக் கீழேதான் இருந்தது. அலாரத்தை அணைத்துவிட்டுச் சுவரைத் தேய்த்தேன்.

இன்னொன்று. ஓய்வு விழாவுக்கு எல்லோரும் வாழ்த்து அனுப்ப வேண்டும் என்று, ஜனவரி 31 அன்று பொது லிஸ்ட்டின் பூட்டைத் திறந்துவிட்டவன் நான். அன்று மாலையே மூட வேண்டும். மறந்துவிட்டேன். பத்து நாள் திறந்தே கிடந்தது. ரங்கநாயகி அக்காவின் பழக்கம் தப்புதான். ஆனால் பூட்டு பூட்டியிருந்தால் அந்த மெயில் அவரிடமே திரும்பி வந்திருக்கும், அவள் பெயர் ஐந்து பேரைத் தாண்டியிருக்காது. பத்தாம் தேதி 'சரிசெய்துவிட்டேன்' என்று எழுதினேனே, அது இதுதான். யாரும் பார்க்கும் முன் பூட்டினேன்.

இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பதினைந்தாம் தேதிச் சான்றைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். எழுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 22, சனி

மாலை 4.10. இரண்டாவது மெயில் இருக்கிறது. ரேஷன் கடையில் வரிசையில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

குழு இரண்டு மணி நேரம் கூடியது. நான் வெளியே பெஞ்சில். பதிவாளர் என்னைக் கடந்து போனபோது, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்ல வந்தேனுங்க சார் என்றேன். சர்வர் என்றதும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்பதைச் சொல்லவில்லை. நானும் நிறுத்திக்கொண்டவன்தானே.

உள்ளே கூப்பிட்டு ஜெயமேரி கேட்டார்: "இந்த விதிய எழுதினது யார்?"

"நானுங்க."

"மூணு வருஷத்துல ஒருதடவகூடத் தெறந்து பாக்கலையா?"

"இல்லீங்க."

"தடுத்து வெச்சிருக்குன்னு அந்த சர்வர் உங்களுக்கு எந்த விதத்துலயும் சொல்லாதா?"

"சொல்லலீங்க மேடம்."

புகாரைக் காலத்துக்குள் வந்ததாக ஏற்று, நவம்பர் 24 தேதியிட்டுப் பதிவு செய்தார்கள். பேராசிரியர் விசாரணை முடியும்வரை வளாகத்துக்குள் வரக்கூடாது. ரங்கநாயகி அக்காவுக்கு எச்சரிக்கையோடு மீண்டும் வேலை. எனக்குக் குற்றச்சாட்டு மெமோ. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும்.

அக்கா வராண்டாவில் பார்த்தார். "பதிமூணு நாளு தம்பி. எம் மருமக மொகத்துல முழிக்க முடியாமக் கெடந்தேன். நீங்க பக்கத்துலயே இருந்துட்டு விசாரிக்கறேன் விசாரிக்கறேன்னீங்களே" என்றார். தலை குனிந்து நின்றேன். அவர் தன் மேஜைக்குப் போனார்.

அவளும் வந்திருந்தாள். எனக்கு நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. "அப்ப நெசமா அனுப்பிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜெயமேரியின் கேள்வி காலையிலிருந்து குடைந்தது. சர்வர் எந்த விதத்திலும் சொல்லாதா?

சொல்லியிருக்கிறது. மாதம் ஒருமுறை, முதல் தேதியில், நிர்வாகி முகவரிக்கு ஓர் அறிக்கை வந்திருக்கிறது. யாருக்கு வந்த மெயில் தடுக்கப்பட்டது, யார் அனுப்பினார், என்ன தேதி, என்ன தலைப்பு. தினம் நூறு தானியங்கி மெயில் வருகிறதே என்று எரிச்சல்பட்டு, எல்லாவற்றையும் படிக்காமலே ஒரு ஃபோல்டருக்குத் தள்ள நான்தான் ஒருநாள் ஏற்பாடு செய்தேன். முப்பத்தாறு அறிக்கை. ஒன்றும் திறக்கப்படவில்லை.

ஊரில் உள்ளவன் பார்க்காமல் அனுப்புகிறான் என்று எத்தனை வருஷம் வசை பாடியிருக்கிறேன்.

திறந்தேன். குழுவின் முகவரிக்கு வந்தவற்றை மட்டும் பிரித்தேன். விளம்பரங்களைக் கழித்தேன். மீதி பத்தொன்பது மெயில். அவளுடைய இரண்டு போக, பதினேழு. பதினோரு பெண்கள். உள்ளே என்ன எழுதியிருந்தார்கள் என்பது தொண்ணூறு நாளில் போய்விட்டது. தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. "புகார்." "உதவி தேவை." "ரகசியம் காக்கவும்." "இரண்டாம் முறையாக எழுதுகிறேன்." "மூன்றாம் முறை."

அந்த மூன்று வருஷமும் எங்கள் ஆண்டறிக்கையில், 'பெண்கள் புகார் குழுவுக்குப் புகார் ஏதும் வரவில்லை' என்று அச்சடித்திருந்தோம். அதற்கு ஒரு கேடயமும் வாங்கினோம்.

ஜெயமேரிக்குத் தொலைபேசினேன். பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "குழு சார்பா நான் கடிதம் அனுப்பறேன். ஆனா அவங்க எழுதினது வந்து சேரலைங்கறத அவங்க உங்ககிட்ட இருந்து கேக்கறதுதான் சரி. பதினோரு பேருக்கும் தனித்தனியா எழுதுங்க. ஒரே மெயில்ல எல்லாரையும் போட்டுராதீங்க" என்றார். என்னிடம், என் தொழிலில், ஒருவர் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரிங்க மேடம் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

முதல் பெயர், மார்ச் 2022. மூன்று முறை எழுதியவர். தலைப்பு, வணக்கம், மூன்று வாக்கியம். அதற்குக் காலை முழுவதும் ஆனது. நீங்கள் குழுவுக்கு எழுதிய மூன்று மெயிலும் சர்வரில் தடுக்கப்பட்டன, யாரும் படிக்கவில்லை, அது என் தவறு. அனுப்பும் முன் முகவரியை நான்குமுறை சரிபார்த்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு அனுப்பினேன்.

பதில் வராது என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஆயிற்று. ஒருவேளை முகவரியே மாறியிருக்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது வந்தது. பெங்களூரில் வேலை செய்கிறாராம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாராம். கோபமில்லை, கேள்வியும் இல்லை. கடைசி வரி இது:

"நீங்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். இன்னும் பத்துப் பேருக்கு எழுத வேண்டும்.